ருசி பார்க்காமல் செய்த காப்லர்

வம்பை ஆரம்பித்தது நான்தான். நோன்பு மாதத்தின் நடுவில், புதுமடத்து வீட்டில், என் அண்ணன் சவூதியிலிருந்து கொண்டுவந்திருந்த கரி கிரில்லில் மாம்பழக் காப்லர் செய்யப்போவதாக அறிவித்தேன். பழத்தைச் சர்க்கரையோடு கொதிக்கவிட்டு, மேலே மாவை அப்பி, மூடிபோட்டு வேகவைக்கும் இனிப்பு அது.

அண்ணனை நாங்கள் காக்கா என்போம். காக்கா சிரித்தார்.

"பாறை மீனு சுடுற அடுப்புல பலகாரமா? நோன்பு வச்சுக்கிட்டு எப்புடிப் புள்ள ருசி பாப்ப?"

"உம்மா ருசி பாத்தா கஞ்சி காச்சுறாக? எல்லாம் அளவுதான் காக்கா. நான் இன்ஜினியர்."

"அப்பச் சரி. ருசி பாக்காம செஞ்சு நல்லா வந்துச்சுன்னா கிரில் ஒனக்கு. இல்லாட்டி, சவூதிக்குத் திரும்பிப் போறப்ப என் கூட்டாளி வீட்டுல எறக்கிட்டுப் போயிருவேன்."

அந்த கிரில் எனக்கு வேண்டும். எங்கள் வீட்டில் ஓவன் கிடையாது. போனில் பட்டியல் போட்டேன்: மாம்பழம் ஒன்றரைக் கிலோ, சர்க்கரை முக்கால் கப், மைதா இரண்டு கப் என்று பதினோரு வரிகள். பன்னிரண்டாவது விஷயத்தை எழுதவில்லை. அன்று எனக்கு நோன்பு இல்லை.

மாதத்தில் சில நாள் பெண்களுக்கு நோன்பு விலக்கு. அதை வீட்டு ஆண்களிடம் நாங்கள் சொல்வதில்லை, அவர்களும் கேட்பதில்லை. விடியுமுன் எல்லோரோடும் எழுந்து சாப்பிடுவேன். பகலில் மச்சியின் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தோசை தின்பேன். மாலையில் பள்ளிவாசலில் நோன்பு திறக்கும் பாங்கு கேட்டதும் பேரீச்சம்பழத்துக்கு எல்லோரையும் போலவே கை நீட்டுவேன். மச்சி, அதாவது காக்காவின் மனைவி, எனக்குக் காவல்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பிறகு கொல்லையில் கருவேலங்கரியை மூட்டினேன். தணலை இரண்டு ஓரமும் ஒதுக்கி, அடி கருகாதபடி தட்டை நடுவில் வைத்தேன். காக்கா எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பழம் கொதித்தது. சீசனின் முதல் மாம்பழம். புளிக்குமோ என்று சந்தேகம் வந்துவிட்டது. என் முக்கால் கப், இனிக்கிற பழத்துக்குப் போட்ட கணக்கு.

மச்சி உள்ளேயிருந்து குரல் கொடுத்தார். "ஏங்க, சிலிண்டர் தீந்துருச்சு, வந்து மாத்துங்க."

"நேத்துத்தான மாத்துனேன்?" காக்கா அசையவில்லை.

"காக்கா, ஆடு! கொடியில காயுற ஒங்க லுங்கிய மேயுது!" என்றேன்.

ஓடினார். ஆடு இருந்தது உண்மை. அது லுங்கிக்கு எட்டுகிற தூரத்தில் இல்லை. அவர் திரும்புவதற்குள் ஒரு கரண்டி சாற்றை வாயில் விட்டுக்கொண்டேன். நாக்கு வெந்தது. கண்ணை மூடவைக்கும் புளிப்பு.

அவர் வந்தபோது சர்க்கரையை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன்.

"முக்கா கப்புன்னு சொன்ன?"

"சூடு கூடுனா சீனியும் கூடும். ஃபார்முலா இருக்கு."

"பேச்சு ஏன் கொழறுது?"

"தொண்ட வறண்டுருச்சு."

அவர் பார்வை என் முகவாயில் வந்து நின்றது. அங்கே ஒரு மாம்பழ நார். "ஏ புள்ள, நீ ருசி..." என்று தொடங்கியவர் அப்படியே நிறுத்தினார். ருசி பார்த்தாயா என்று கேட்டால், அடுத்து நோன்பு இல்லையா என்று கேட்கவேண்டும். அதை எந்தக் காக்காவும் தங்கச்சியிடம் கேட்கமாட்டார். காது சிவக்க, முருங்கை மரத்தைப் பார்க்க ஆரம்பித்தார். நான் நிதானமாக முகவாயைத் துடைத்துக்கொண்டு மாவை அப்பி மூடியைப் போட்டேன்.

நோன்பு திறந்து, கஞ்சியும் வடையும் முடிந்ததும் காப்லர் வந்தது. காக்கா ஒரு கிண்ணம் சாப்பிட்டார். இன்னொன்றும் போட்டுக்கொண்டார்.

"எப்புடித் தம்பி இருக்கு?" என்றார் உம்மா.

"நல்லாத்தான் இருக்கு. ஆனா..."

"ஆனா என்னங்க?" மச்சியின் முகத்தில் கள்ளம் துளியும் இல்லை. "கொறை இருந்தா வெளிய சொல்லுங்க."

காக்கா என்னைப் பார்த்தார், வடையைப் பார்த்தார், மின்விசிறியைப் பார்த்தார்.

"ஒண்ணுமில்ல. கிரில்ல அவளே வச்சுக்கிறட்டும்."

"ருசி பாக்காமயே எம்புட்டு நல்லா செஞ்சிருக்கா பாரு எம் புள்ள!" என்றார் எல்லாம் தெரிந்த உம்மா.

காக்காவுக்குப் புரையேறியது.

மறுநாள் காலையில் கிரில் என் அறை வாசலில் இருந்தது. சாம்பலைக்கூடக் கொட்டாமல் கொண்டுவந்து வைத்திருந்தார்.