மர்யத்தின் சந்தேகமும் நாகூர் கனியின் நெஞ்சும்

மர்யம் யாரையும் லேசில் நம்புகிறவள் அல்ல. தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் பாதிக் கடைக்காரர்களுக்கு அவளைக் கண்டாலே கிலி. பால்காரன் எதிரிலேயே பாலை விரலில் தொட்டு உருட்டிப் பார்ப்பாள். கறிக்கடைத் தராசின் அடியில் குனிந்து காந்தம் தேடுவாள். முப்பது வருஷமாகக் குடும்பம் நடத்தும் நாகூர் கனிக்கும் இதில் சலுகை கிடையாது. தோல் பை தைக்கிற அந்த மனுஷன் வெளியே போய் வந்தால் வாயை மோந்து பார்த்துவிட்டுத்தான் சோறு.

அப்படிப்பட்டவளிடம், உன் புருஷன் நெஞ்சுக்குள் ஒரு மெஷின் வைத்திருக்கிறோம் என்று டாக்டர்கள் சொன்னால் விடுவாளா? பட்டறையில் இரண்டு தடவை மயங்கி விழுந்தவருக்கு, நெஞ்சு அடிக்க மறந்து மறந்து போகிறதாம். தோளுக்குக் கீழே தீப்பெட்டி அளவு பேஸ்மேக்கர் ஒன்றை உள்ளே வைத்துத் தைத்து அனுப்பிவிட்டார்கள்.

அன்றிலிருந்து அவர் மணிக்கட்டைப் பிடிப்பதும் உதறுவதுமாக இருந்தாள். துடிப்பு இருக்கிறது, சரி. துடிப்பது அவரா, அந்தப் பெட்டியா? ஆள் போய்ச் சேர்ந்த பிறகும் பெட்டி பாட்டுக்கு அடித்துக்கொண்டே இருந்தால்? மய்யித்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டிருப்போமோ? பயம் என்று ஒப்புக்கொள்ள மனம் வராமல் அவர்மேல் எரிந்து எரிந்து விழுந்தாள்.

அடுத்த மாதம் செம்பூர் ஆஸ்பத்திரியில் மெஷினைச் சோதிக்கக் கூப்பிட்டார்கள். டெக்னீஷியன் வாசிம் அவரைப் படுக்கவைத்து நெஞ்சில் வயர்களை ஒட்டினான். திரையில் ஒரு கோடு ஏறி இறங்கியது. பக்கத்தில் துடிப்பின் எண். கூடவே வந்திருந்த மர்யம் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

"இப்ப அடிக்கிறது இவுகளா, ஒங்க பெட்டியா?"

"நெஞ்சுதான் சாச்சி. மேல் அறை ரெண்டும் சுருங்கி ரத்தத்தக் கீழ விடும். கீழ் அறை ரெண்டும் சுருங்கி, ஒண்ணு நுரையீரலுக்கும் இன்னொண்ணு உடம்பு பூராவுக்கும் தள்ளும். லப் டப்னு கேக்குறது உள்ள கதவு சாத்துற சத்தம். பெட்டி சும்மா கவனிச்சிட்டே கெடக்கும். அடி லேட்டானா மட்டும் லேசா கரண்ட் வச்சு உசுப்பும். நெஞ்சு செத்துட்டா எவ்வளவு உசுப்புனாலும் எழும்பாது."

"நீ அப்பிடித்தான் சொல்லுவா. பெட்டி ஒங்களதுல்லா!"

வாசிம் சிரித்துக்கொண்டே எதையோ அழுத்தினான். "தேக்கோ, இங்க பாருங்க, பெட்டி வேகத்த ரொம்ப கம்மி பண்ணிட்டேன். இப்ப ஓடுறது பூரா அவரோடதுதான்."

எண் அறுபத்திரண்டில் நின்றது. மர்யத்துக்கு அதுவும் போதவில்லை. பெட்டிக்குத் தெரியாத, இந்த மனுஷனுக்கு மட்டும் தெரிந்த ஒன்றைக் கேட்டால்தான் உண்மை வரும் என்று தோன்றியது. மகள் உமைரா தன்னிஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு விக்ரோலிக்குப் போனதிலிருந்து, வீட்டில் அவள் பேச்சையே எடுக்கக்கூடாது என்பது மர்யம் போட்ட சட்டம். ஆனால் வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகிற புருஷன் சாயங்காலம்தான் திரும்புவார். லைனிங் துணி எடுக்கப் போனேன் என்பார். கையில் துணி இருக்காது.

குனிந்து கேட்டாள்: "வெள்ளிக்கிழம நீங்க விக்ரோலிக்குத்தான போறிய?"

நாகூர் கனி முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். திரையில் எண் மட்டும் ஏறியது. எழுபது, எண்பத்திரண்டு, தொண்ணூற்றேழு.

"சாச்சி, பேஷண்ட்ட டென்ஷன் பண்ணாதீங்க!" என்று வாசிம் பதறினான்.

மர்யம் பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள். பெட்டிக்கு விக்ரோலி தெரியாது. இது அவர்தான், அவரேதான். ஒரு மாதமாக அடக்கி வைத்திருந்த அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இத்தன நாளும் எங்கிட்ட பொய்தான் சொன்னியளா?"

"ஆமா" என்றார் அவர், கண்ணை மூடிக்கொண்டு. எண் மெல்ல மெல்ல இறங்கி நிலைத்தது.

"அவ நல்லா இருக்காளா?"

"நல்லா இருக்கா. ஒன்னத்தான் கேட்டுக்கிட்டே இருப்பா."

மர்யம் திரையைப் பார்த்தாள். எண் அசையவில்லை. அதற்குப் பிறகுதான் நம்பினாள்.