புள்ளி இல்லாத கீபோர்ட்

என் மனைவியின் விரல்களை எங்கள் வீட்டு ஸ்மார்ட்போன் விரல்கள் என்றே ஒப்புக்கொள்ளவில்லை. இருபது வருடத்துக்கு மேல் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டியவள் அவள். ரப்பர் பாலும், சிரட்டையில் காய்ந்த ஒட்டுப்பாலைப் பிய்த்தெடுத்த வேலையும் விரல் நுனிகளைக் காய்ப்பேற வைத்திருந்தன. கண்ணாடியை அழுத்தினாள், தட்டினாள், எச்சில் தொட்டும் பார்த்தாள். பத்துத் தடவைக்கு ஒரு தடவை ஓர் எழுத்து விழும். அதுவும் பக்கத்து எழுத்தாக இருக்கும்.

முன்பு அது ஒரு குறையாக இருந்ததில்லை. குவைத்தில் வீட்டு வேலைக்குப் போயிருக்கும் மகள் அழைப்பாள், இவள் பேசுவாள். இரண்டு பேரும் பேசத் தொடங்கினால் அடுப்பில் சோறு குழைந்துவிடும். பிறகு தொண்டையில் புற்றுநோய் என்று கரவனெல்லை ஆஸ்பத்திரியில் சொல்லிக் கொழும்புக்கு அனுப்பினார்கள். அங்கே குரல்வளையை எடுத்துவிட்டார்கள். உயிர் தங்கியது, குரல் போனது. அதன்பின் மகள் வீடியோவில் வந்தால் இவள் தலையாட்டுவாள், அவள் அழுவாள், இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். தினமும் வந்த அழைப்பு வாரத்துக்கு ஒன்றாகியது. இப்படியே போனால் அந்த ஒன்றும் நின்றுவிடும் என்று எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. கால் மரத்துப்போனால் கிள்ளினாலும் உறைக்காது அல்லவா, அப்படித்தான் இருந்தேன்.

நான் ருவான்வெல்லை பஜாரில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் போன் திருத்துகிறவன். கேபிள் மூலம் போனோடு கீபோர்டை இணைக்கலாம் என்பது எனக்குத் தெரிந்த சங்கதிதான். ஆனால் கடையில் இருப்பதெல்லாம் ஆங்கிலம், தப்பினால் சிங்களம். சிங்களம் பேசுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. வாசிக்கத் தெரிந்தது தமிழ் மட்டும், அதுவும் தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்பு வரை.

"ஒன்ன வாங்கி ஸ்டிக்கர் ஒட்டிக் குடுத்தா முடிஞ்சிச்சு தானே," என்றார் முதலாளி.

"பொத்தான் சின்னதுங்க. அவளுக்குச் சரிவராது," என்றேன்.

அது பாதி உண்மை. மீதி என்னவென்றால் எனக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது. கையில் வேலை இருந்தால் வீட்டுக்குச் சீக்கிரம் போக வேண்டியதில்லை.

சாப்பாட்டுப் பெட்டி மூடியில் துளை போட்டு, அழுத்தினால் 'டக்' என்று சத்தம் வரும் பெரிய பொத்தான்களைப் பொருத்தினேன். விரலுக்குத் தெரியாவிட்டாலும் காதுக்குத் தெரியட்டும் என்ற எண்ணம். அடியில் ஒரு சின்ன சர்க்யூட் போர்ட். 'நான் ஒரு கீபோர்ட்' என்று போனிடம் சொல்வதுதான் அதன் வேலை. பொத்தானுக்குப் பொத்தான் வயர் இழுத்து ஈயம் வைத்தேன். முதலில் செய்ததில் ஒரு பொத்தானை அழுத்தினால் ஒரு வரிசையே விழுந்தது. பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. பிரித்துவிட்டு மறுபடி பிடித்தேன்.

எழுத்துகளை அரிச்சுவடிப்படியே அடுக்கினேன். உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, ஆக முப்பது. ஐந்து வரிசை, வரிசைக்கு ஆறு. 'க'வையும் 'ஆ'வையும் அடுத்தடுத்து அழுத்தினால் 'கா' வரும். இடம் விட, அழிக்க, அனுப்ப என்று ஓரத்தில் இன்னும் மூன்று. கணக்கு அவ்வளவு ஒழுங்காக வந்ததில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வீட்டில் அவளுக்கு ஒரு கொப்பி வாங்கிக் கொடுத்திருந்தேன். 'உப்பு', 'மாத்திரை' என்று எழுதிக் காட்டுவாள். நான் ஓரக்கண்ணால் பார்த்துவிட்டுக் கையால் பதில் சொல்வேன். சாப்பிடு என்பதற்கு விரலைக் குவித்து வாயருகே கொண்டுபோவேன். கிளினிக் என்பதற்குத் தொண்டையைத் தொடுவேன். வேலை நடந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீபோர்டை அவள் மடியில் வைத்துப் போனை மாட்டி, மகளுக்கு எழுதும் பக்கத்தைத் திறந்து கொடுத்தேன். 'டக்' கேட்டது. எழுத்து விழுந்தது. திரையில் 'அமமா எழுதுறேன' என்று வந்து நின்றது. அவள் பொத்தான்களுக்கு நடுவில் எதையோ தேடினாள். பிறகுதான் எனக்கு உறைத்தது, புள்ளிக்குப் பொத்தானே வைக்கவில்லை. எழுத்து எத்தனை என்று வாத்தியார் கேட்டபோதெல்லாம் நாங்கள் புள்ளியை எண்ணியதில்லை. நான் தலையில் அடித்துக்கொண்டு, ஆட்காட்டி விரலால் காற்றில் புள்ளி வைத்து, பிறகு செய்து தருகிறேன் என்று கைகாட்டினேன். அவள் போனை என் பக்கம் தெரியாமல் திருப்பிக்கொண்டு எழுதிக்கொண்டே போனாள். அரைமணி நேரம் 'டக் டக்' என்று கேட்டது. பிறகு அனுப்பினாள்.

மகளிடமிருந்து பதில் குரல்பதிவாக வந்தது. அதைக் கேட்கக் கண்ணாடியைத்தான் தொட வேண்டும், அவள் விரலுக்கு அது இணங்கவில்லை. நாலைந்து தடவை முயன்றுவிட்டுப் போனை என்னிடம் நீட்டினாள். நீட்டும்போது தயங்கினாள். ஏன் என்று நான் யோசிக்கவில்லை, தொட்டுவிட்டேன்.

"அம்மா, புள்ளி ஒன்னையும் காணோம். நா வாசிக்கிறேன், சரியான்னு பாருங்க," என்றது மகளின் குரல். பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பதுபோல நிறுத்தி நிறுத்தி வாசித்தாள். "'அப்பா மூனு மாசமா எங்கூட பேசுறதில்ல. கையக் கைய ஆட்டுறாரு. எனக்கு வாய்தான் போச்சு, காது இருக்கு. வீட்ல ஒரு சத்தமும் இல்ல.' இதுதானேம்மா?"

பதிவு முடிந்தது. அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாளியிடம் பேசியிருக்கிறேன். பஸ் கண்டக்டரிடமும், கிளினிக்கில் டாக்டரிடம் சிங்களத்திலும் பேசியிருக்கிறேன். கடைக்கு வரும் தெரியாதவர்களிடம்கூட வாய் ஓயாமல் பேசியிருக்கிறேன். இவளிடம் ஒரு சொல் பேசவில்லை. கொப்பியிலேயே இதை எழுதியிருக்கலாமே என்று தோன்றியது. எழுதினாலும் நான் நின்று வாசித்திருக்க மாட்டேன். வெட்கமாக இருந்தது. அந்த மூன்று மாதத்தில் எனக்கு வலித்தது அப்போதுதான்.

"தேத்தண்ணி ஊத்தவா?" என்று கேட்டேன். அந்த வீட்டில் என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. கேட்கும்போதே கை கோப்பையைப் பிடிப்பதுபோல வாய்க்கு உயர்ந்துவிட்டது. அதைப் பிடித்துக் கீழே வைத்தேன்.

அவள் தலையாட்டவில்லை. கீபோர்டை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, நான் அடுத்து என்ன சொல்லப்போகிறேன் என்று என் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.