வழிமொழிபவள்

வகுப்பில் பேசவேண்டிய உரையை, ரெஃபராட் என்பார்கள், என் மகள் குசினியில்தான் ஒத்திகை பார்ப்பாள். நான் கறிக்கு லீக்ஸ் வெட்டிக்கொண்டே கேட்க வேண்டும். இந்த முறை அமெரிக்காவின் ஏழாவது ஜனாதிபதி. எனக்கும் அந்த மனிதருக்கும் என்ன சம்பந்தம் என்றுதான் முதலில் இருந்தேன்.

தகப்பன் முகம் பார்க்காமல் பிறந்தவர். சிறுவனாக இருந்தபோதே யுத்தத்தில் பிடிபட்டார். சப்பாத்தைத் துடை என்று எதிரி அதிகாரி சொன்னதற்கு மாட்டேன் என்றாராம். அதற்கு அவன் வாளால் வெட்டிய தழும்பு கடைசிவரை இருந்ததாம். கத்தியைக் கீழே வைத்தேன். எனக்கு ஆளைப் பிடித்துப்போயிற்று. பதவியேற்ற அன்று சாதாரண சனம் சேற்றுக் காலோடு மாளிகைக்குள் புகுந்து பீங்கான்களை உடைத்ததைக் கேட்டுச் சிரித்தேன். இங்கே ஜெர்மனியில் எங்கள் ஈழத்தமிழர் சங்கத் தலைவர் தெரிவான அன்றும் றோல்ஸ் பலகாரத் தட்டுகள் நொறுங்கத்தான் செய்தன.

எங்கள் தலைவரும் அந்த ரகம்தான். பிராங்பேர்ட் உணவகங்களில் கோப்பை கழுவி மேலே வந்தவர். என் அகதி விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டபோது வக்கீலிடம் கூட்டிப்போனவரும் அவரே. கூட்டத்தில் அவர் எந்தத் தீர்மானத்தைக் கொண்டுவந்தாலும் யாராவது முன்மொழிவார்கள். நான் எழுந்து "வழிமொழிகிறேன்" என்பேன். தலையாட்டிப் பொம்மை என்று மகள் கேலி செய்வாள்.

"பிறகு?" என்றேன்.

"பிறகு தனக்காகக் கத்தினவைக்குப் பதவி குடுத்தார். பூர்வகுடிச் சனத்தை அவையின்ர காணியளை விட்டுக் கலைக்கச் சட்டம் கொண்டுவந்தார். போற வழியில கன சனம் செத்தது."

"மற்றச் சனம் ஒண்டும் கேக்கேல்லையோ?"

"கொஞ்சப்பேர் கேட்டவை. ஆனா கனபேர் திரும்பவும் அவருக்குத்தான் வாக்குப் போட்டவை, அம்மா."

"ஏன்?"

"அந்தக் காணி அவைக்கெல்லோ வந்தது."

லீக்ஸ் அப்படியே கிடந்தது. கலைக்கப்பட்டவர்களின் கதை எனக்குத் தெரியும். நானே அவர்களில் ஒருத்தி. கைதட்டியவர்கள் தங்கள் வீட்டில் என்ன பேசியிருப்பார்கள் என்று மட்டும் ஒருநாளும் யோசித்ததில்லை. நல்ல மனிதர்களாகத்தான் இருந்திருப்பார்கள். அதுதான் என்னைக் குடைந்தது.

அந்த ஞாயிறு சங்கத்தின் பொதுக்கூட்டம். எங்கள் மண்டபத்தின் பின்னறையில் சனிக்கிழமைகளில் தமிழ்நாட்டு மாணவர்கள் கூடிச் சமைப்பார்கள், கேரம் விளையாடுவார்கள். ஒண்டியறைகளில் இருக்கும் அந்தப் பிள்ளைகளுக்குச் சேர்ந்திருக்க வேறிடம் இல்லை. அந்த அறையை அவர்களிடமிருந்து எடுத்து எங்கள் பெண்களின் கோலாட்டப் பயிற்சிக்குத் தருவதுதான் தலைவரின் தீர்மானம். அறை வேண்டும் என்று வெகுநாளாக அவரை நச்சரித்தவள் நான்தான். மாணவர்கள் உறுப்பினர்கள் இல்லை. கூட்டத்துக்கு அவர்களை யாரும் அழைக்கவில்லை.

ஒருவர் முன்மொழிந்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாதே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். கால் எழும்பவில்லை.

வழிமொழிவது எப்போதும் என் வேலை என்பதால் வேறு யாருக்கும் அது தோன்றவே இல்லை. பின்வரிசையில் ஒருவர் எழும்பினார். வழிமொழியத்தான் எழும்புகிறார் என்று நினைத்தேன். அவர் சிகரெட் குடிக்க வெளியே போனார்.

தலைவர் மேடையை விட்டு இறங்கி என்னிடம் வந்தார். முகத்தில் கோபம் இல்லை, குழப்பம்தான்.

"அக்கா, அறை உங்களுக்கெல்லோ வருது?"

"ஓம் தம்பி," என்றேன். "அதாலதான் எழும்ப ஏலாமல் கிடக்கு."