உமி அறையில் நாற்காலிகள்

போன வாரம் சீர்காழியில் அண்ணன் வீட்டுக்குப் போயிருந்தேன். விதைநெல் மூட்டைகளுக்கு அந்துப்பூச்சி மருந்து தூவிக்கொண்டிருந்தார். அந்த நெடி மூக்கில் ஏறியதும் கையிலிருந்த காப்பியை அப்படியே வைத்துவிட்டு வாசலுக்கு வந்துவிட்டேன். காப்பி சரியில்லையோ என்று அண்ணிக்குச் சங்கடம். காப்பி நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இத்தனை வருடமாகியும் ஆத்திரம் அடங்கவில்லை.

தஞ்சாவூரில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் சுண்டெலிகளைப் பராமரிப்பதுதான் என் முதல் வேலை. அப்பா வயலில் எலிக்குக் கிட்டி வைப்பார். மகள் எலிக்கு ஏசி போட்டுத் தீனி வைத்தாள். பெண் பார்க்க வந்தவர்களிடம் அம்மா, "லேப்ல பெரிய வேலைங்க" என்பதோடு நிறுத்திக்கொள்வார். எலி என்று வாய் தவறியும் சொன்னதில்லை.

அவை சாதாரண எலிகள் அல்ல. தசைக்கு வலுக் கொடுக்கும் மரபணு ஒன்றைச் செயலிழக்க வைத்து உருவாக்கிய வம்சம். குட்டியாக இருக்கும்போது துள்ளும், பிறகு பின்னங்கால்களை இழுத்து நடக்கும். சில பையன்களுக்கும் இதே நோய் வருகிறது. அதற்கு ஒரு மருந்தைச் சோதித்துக்கொண்டிருந்தார் தமிழரசி மேடம். மருந்து கொடுத்த எலிகள், சுழலும் உருளையில் மற்றவற்றைவிட அதிக நேரம் விழாமல் ஓட ஆரம்பித்திருந்தன. மேடம் சிரித்து நான் பார்த்தது அந்த நாட்களில்தான்.

வெள்ளிக்கிழமைதோறும் கூத்தாநல்லூரிலிருந்து ஓர் அம்மா போன் செய்வார். மகன் யூசுப்புக்கு அந்த நோய். பேச்சு எங்கே தொடங்கினாலும் ஒரே கேள்வியில்தான் வந்து நிற்கும்.

"மருந்து எலிக்குக் கேக்குதாம்மா?"

"கேக்குற மாதிரிதான் தெரியுதும்மா. இன்னும் பாக்கணும்."

எலிகளுக்குப் படுக்கை, ரைஸ்மில்லிலிருந்து வரும் உமி. அதற்கென்று தனி அறை, தனிப் பூட்டு. ஆண்டுவிழாவுக்குப் புது நாற்காலிகள் வாங்கிய நிர்வாக அதிகாரி, அவற்றை வைக்க இடமில்லை என்று உமி மூட்டைகளைப் பொதுக்கிடங்குக்குத் தள்ளினார். மேடம் நேரில் போய் வேண்டாமென்று மன்றாடினார். "உமிக்கு எதுக்குங்க தனி ரூம்?" என்று கேட்டு அவரை அனுப்பிவிட்டார் அதிகாரி. அந்தக் கிடங்கில்தான் நிலையத்துக்குச் சொந்தமான வயலின் விதைநெல்லும் கிடந்தது.

பொங்கலுக்கு நான் ஊருக்குப் போயிருந்தபோது, கிடங்கைப் பார்க்கும் செல்வராசு நெல் மூட்டைகளுக்கு அந்து மருந்து தூவியிருக்கிறார். பக்கத்திலிருந்த உமி மூட்டைகளையும் விடவில்லை. மூட்டை என்றால் மருந்து. எங்கள் பக்கத்தில் கை தானாகச் செய்கிற வேலை அது. எனக்குப் பதிலாக வந்தவர் அந்த உமியைக் கூண்டுகளில் பரப்பிவிட்டார்.

திரும்பி வந்தபோது ஓர் எலிகூட மிஞ்சவில்லை. மேடம் கூண்டுக்குக் கூண்டு தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வராசு, "அந்து விழுந்துடுமேன்னுதாம்மா தூவினேன்" என்று அழுதார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை. நிர்வாக அதிகாரி வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாரே, அதுதான் இன்றைக்கும் எரிகிறது.

"எலிதானே, மேடம். நம்ம வயல்ல இல்லாத எலியா?"

மனிதனா அவன்? வயலெலியைப் பிடித்துக்கொண்டு வந்து யூசுப்பின் நோயை எங்கே தேடுவது? வெளியூரில் அந்த வம்சத்தை வைத்திருந்த ஒரே ஆய்வுக்கூடமும் அதற்குள் வளர்ப்பதை நிறுத்தியிருந்தது. விசாரணை என்று ஒன்று நடந்து, செல்வராசுக்கு வேலை போனது. நாற்காலிகளைப் பற்றி யாரும் பேசவில்லை.

அந்த வெள்ளிக்கிழமையும் போன் வந்தது. மேடம் எடுக்கவில்லை. நான்தான் எடுத்து, எலிகள் இறந்துவிட்டதையும் எப்படி என்பதையும் சொன்னேன்.

"அப்ப எம்புள்ளைக்கு அது கேக்குமா, கேக்காதாம்மா?"

"அது தெரியாமலே போயிடுச்சும்மா."

அதற்குப் பிறகு அவர் அழைக்கவில்லை. மேடம் வேலையை விட்டுப் போய்விட்டார். அடுத்த மழைக்காலத்தில் யூசுப் இறந்துபோனான்.

அண்மையில் ஒரு வேலையாக அந்த நிலையத்துக்குப் போனேன். எலிக்கூடம் இல்லை, இடித்துவிட்டார்கள். உமி அறை இருக்கிறது. உள்ளே அந்த நாற்காலிகளை அடுக்கி, தூசு படாமல் துணி போர்த்தி வைத்திருக்கிறார்கள்.