லாரிச் சத்தம் நிற்கும் வரை

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழேகால் மணிக்கு என் மகளைத் தொலைத்தேன். ஏழே முக்காலுக்குக் கிடைத்துவிட்டாள்.

முடிவை முதலிலேயே சொல்லிவிட்டேன். என்னைப் போலவே, கெட்டது ஏதும் நடந்துவிடுமோ என்று கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் உண்டு. இனி நீங்கள் நிம்மதியாகப் படிக்கலாம்.

"ஞாயிறுதோறும் மகளோடு சைக்கிளில் போகிறீர்களே, வழியில் பார்த்ததை எழுதக் கூடாதா?" என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். எழுதத்தான் நினைத்தேன். மயில், பனி, ஆட்டுக்குட்டி என்று அழகாக ஒரு பத்தி. மனதுக்குள் பாதி தயாராகக்கூட இருந்தது...

புதிதாகப் படிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நாங்கள் இருப்பது அரியலூருக்குச் சற்று வெளியே. யாழினிக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. ஜூன் மாதம் ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளிக்கூடம். மூன்று கிலோமீட்டர். கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் சைக்கிளில் போகப் போகிறார்களாம். "நானும் போவேன்" என்கிறாள். "போகட்டுமே" என்று என் கணவர் சொல்லிவிட்டார். அவருக்கென்ன? பெரம்பலூரில் வேலை. ஞாயிறும் டூட்டி. முதல் பஸ்ஸைப் பிடித்துப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். சைக்கிளா, வேனா என்று முடிவெடுக்க வேண்டியவள் நான்.

அதற்கான ஒத்திகைதான் இந்த ஞாயிற்றுக்கிழமைச் சவாரி. அவள் சின்ன சைக்கிளில் முன்னால். நான் பெரிய சைக்கிளில் பின்னால்.

எங்கள் பக்கத்து ரோட்டைத் தெரிந்தவர்களுக்கு என் பயத்தை விளக்க வேண்டியதில்லை. சுரங்கத்திலிருந்து சிமென்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் லாரிகள். ஒன்று போனால் இன்னொன்று. சக்கரம் என் தோள் உயரம் இருக்கும். ரோட்டின் இடது பக்கம், கல்லை வெட்டி எடுத்துவிட்டு அப்படியே விட்டுப் போன பழைய பள்ளம். கம்பிவேலி உண்டு — சில இடங்களில். உள்ளே பச்சை நிறத்தில் தண்ணீர். பார்க்க அழகாக இருக்கும். அதனாலேயே எனக்கு அதைப் பிடிக்காது.

யாழினியின் சைக்கிள் கூடையில் ஒரு நோட்டு இருக்கும். அதில் பேனாவை நூலால் கட்டி வைத்திருப்பாள். 'இன்று பார்த்தவை' என்று தலைப்பு போட்டு, நிற்கும் இடத்தில் எல்லாம் எழுதுவாள். டிவிஎஸ் வண்டியில் உரச் சாக்குக்குள்ளிருந்து தலையை மட்டும் நீட்டிக்கொண்டு போன மூன்று ஆட்டுக்குட்டிகள். ஹெல்மெட் போட்ட சோளக்கொல்லை பொம்மை. காட்டில் சின்ன வெங்காயத்தைச் சேர்த்து வைத்திருக்கும் பட்டறையின் கூரையில் ஏறி நின்ற மயில். சரளைக் குவியலில் நத்தை போலச் சுருண்டிருந்த ஒரு கல் — "ஒரு காலத்துல இங்க கடல் இருந்துச்சாம்மா, டீச்சர் சொன்னாங்க."

நானும் அதே ரோட்டில்தானே போகிறேன்? நான் பார்த்தவை என்ன தெரியுமா? வேலி அறுந்த இடங்கள் நான்கு. குரைக்கும் நாய் இரண்டு, குரைக்காமல் வரும் நாய் ஒன்று. இண்டிகேட்டர் போடாமல் திரும்பும் லாரிகள். இதையெல்லாம் எழுத எனக்கு நோட்டு தேவைப்பட்டதில்லை. தூக்கம் வராதபோது வரிசையாக நினைவுக்கு வந்துவிடும்.

அதனால் அவளுக்கு விதிகள் போட்டிருந்தேன். லாரிச் சத்தம் கேட்டாலே சைக்கிளை விட்டு இறங்க வேண்டும். ரோட்டை விட்டுத் தள்ளி நிற்க வேண்டும். சத்தம் நிற்கும் வரை ஏறக் கூடாது. குறுக்கே வரவும் கூடாது. பள்ளத்துப் பக்கம் போகவே கூடாது. தெரியாதவர்கள் கூப்பிட்டால் போகக் கூடாது. போன் நம்பரை யாருக்கும் சொல்லக் கூடாது.

கிளம்பும் முன் ஒப்பிக்கச் சொல்வேன். வாய்ப்பாடு மாதிரி ஒப்பிப்பாள். நல்ல அம்மா என்று என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொள்வேன்.

போன வாரம் இரண்டு நாள் மழை. பருவம் தப்பிய மழை. ஞாயிறு காலையில்தான் வெளுத்தது. வெளுத்ததும் என்ன ஆகும்? நனைந்துவிடாமல் ரோட்டோரம் குவித்துப் படுதா போட்டு மூடியிருந்த மக்காச்சோளத்தை எல்லோரும் ஒரே நேரத்தில் பிரிப்பார்கள். பாதி ரோட்டில் பரப்பி, ஓரத்தில் கல் வைப்பார்கள். சேறாகிக் கிடந்த சுரங்கத்தில் இரண்டு நாளாக நின்ற லாரிகள் எல்லாம் ஒரே நேரத்தில் கிளம்பும். இதை நான் யோசித்திருக்க வேண்டாமா? யோசித்தேன். வேண்டாமென்றும் சொன்னேன்.

"ரெண்டு நாளா வீட்லயேதானம்மா இருக்கோம்... வெள்ளை மரமெல்லாம் என்ன ஆச்சுன்னு பாக்கணும்மா."

சுண்ணாம்புத் தூசி படிந்து ரோட்டோர மரங்கள் எல்லாம் வெள்ளையாக நிற்கும். மழையில் கழுவினால் என்ன நிறம் என்று அவளுக்குப் பார்க்க வேண்டும். சரி என்றேன். அந்தச் 'சரி'யைத்தான் இந்த ஒரு வாரமாகத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

வளைவுக்கு முன்னால் என் சைக்கிள் செயின் கழன்றது. "கொஞ்சம் முன்னால போய் நில்லும்மா" என்று சொல்லிவிட்டுக் குனிந்தேன். செயின் பல்லுக்கும் கவருக்கும் நடுவில் மாட்டிக்கொண்டது. விரலெல்லாம் கிரீஸ். மூன்று நிமிடம் இருக்குமா? ஐந்தா? பக்கத்தில் ஒரு லாரி போனது. இன்னொன்று. ஒருவழியாகச் செயினை மாட்டிவிட்டு நிமிர்ந்து பார்த்தேன்.

ரோடு இருந்தது. யாழினி இல்லை.

"யாழினி!"

என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. அடுத்த லாரி அதை வாரிக்கொண்டு போய்விட்டது.

வளைவைத் தாண்டினேன். அங்கும் இல்லை. மிதித்தேன்... ஒரு கால் செருப்பு எங்கே விழுந்தது என்று இன்றுவரை தெரியாது. கண் முழுக்க இடது பக்கம்தான். பள்ளம். வேலி. பள்ளம். வேலி அறுந்த முதல் இடம், இரண்டாவது இடம்... மூன்றாவது இடத்தில் பிரேக்கைப் பிடித்தேன்.

ஈர மண்ணில் ஒரு சைக்கிள் தடம். ரோட்டிலிருந்து இறங்கி, வேலி இல்லாத இடைவெளி வழியாக, நேராகப் பள்ளத்தை நோக்கிப் போயிருந்தது. ஒல்லியான, புத்தம் புதுத் தடம்.

அந்தத் தடத்தின் மேல் நடந்த நாற்பது அடியைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

முடிவில் ஒரு பழைய சைக்கிள் கருவேல மரத்தில் சாய்ந்திருந்தது. பெரிய சைக்கிள். பக்கத்தில் ஆடு மேய்க்கும் ஒருவர், தோளில் துண்டோடு.

"பொண்ணு... பத்து வயசு... நீல சைக்கிள்..."

"நம்ம சைக்கிள் தடம்ங்க அது. இப்பத்தான் வந்தேன். யாரும் வரலியேம்மா."

"தண்ணியில..."

அவர் என்னை ஒரு முறை பார்த்தார். பிறகு சரிவில் இறங்கி, கரையோரமாகவே ஒரு நடை நடந்து பார்த்துவிட்டு மேலே வந்தார்.

"ரெண்டு நாள் மழை. கரையெல்லாம் களி. காக்கா நடந்தாக்கூட தடம் விழும். ஆட்டுக் கால்தான் கெடக்கு, ஆள் கால் ஒண்ணு இல்ல. யாரும் எறங்கல, தாயி. மூச்ச வுடு."

மூச்சு விட்டேன். கையில் போன் இருந்தது. கணவரின் நம்பரை எடுத்திருந்தேன். அழுத்தவில்லை. அழுத்தினால் அவர் பெரம்பலூரிலிருந்து என்ன செய்ய முடியும்? இல்லை... உண்மையைச் சொல்கிறேன். அழுத்தினால் அது நடந்துவிட்டதாக ஆகிவிடும் என்று தோன்றியது.

"வர்ற வழியில ரெண்டு பக்கமும் பாத்தியா?" என்று கேட்டார்.

வலது பக்கத்தை நான் பார்க்கவே இல்லை. பள்ளம் இருக்கிற பக்கத்தை மட்டுமே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறேன்.

திரும்பினேன். லாரிகள் குறையவில்லை. வளைவுக்கு வருவதற்குச் சற்று முன்னால், ரோட்டின் எதிர்ப்பக்கம் ஆளுயரத்துக்கு ஒரு மக்காச்சோளக் குவியல். ஒரு பெண் படுதாவைச் சுருட்டிக்கொண்டிருந்தார். குவியலுக்குப் பின்னால் ஒரு நீல ஹேண்டில்பார். அதற்குப் பக்கத்தில், கையில் குச்சியோடு, கோழி விரட்டிக்கொண்டு... என் மகள்.

எப்படி ரோட்டைத் தாண்டினேன் என்று கேட்காதீர்கள்.

கட்டிப்பிடித்தேனா, அடித்தேனா? இரண்டும். முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு, அதே கையால் தடவிக்கொண்டிருந்தேன். அவளுடைய வெள்ளைச் சட்டை முழுக்க கிரீஸ்.

"உம் பொண்ணாம்மா இது?" என்று அந்தப் பெண் ஆரம்பித்தார். "என்னத்த சொல்லிக் குடுத்து வளக்கிற? வா பாப்பா, நான் தாண்டி வுடுறேன்னு கையப் புடிச்சா ஒதறுது. சரி, அம்மா நம்பரச் சொல்லு, போன் போடுறேன்னா, சொல்ல மாட்டேன்ங்குது. கம்ப்யூட்டர் கணக்கா, 'யாருக்கும் சொல்லக் கூடாது, யாருக்கும் சொல்லக் கூடாது'ன்னு அதையே சொல்லுது! சும்மா நிக்கிறதுக்குக் கோழியாச்சும் வெரட்டுன்னேன். அத மட்டும் செஞ்சுச்சு."

"ஏண்டி இந்தப் பக்கம் வந்த?" என்றேன் அவளிடம்.

"வளைவு தாண்டி வந்ததும் லாரி சத்தம் கேட்டுச்சும்மா. எறங்கினேன். அந்தப் பக்கம் தள்ளி நின்னா பள்ளம். பள்ளத்துப் பக்கம் போவக் கூடாதுல்ல? அதான் லாரி வர்றதுக்குள்ள இந்தப் பக்கம் தள்ளிட்டு வந்துட்டேன். அப்புறம் சத்தம் நிக்கவே இல்லம்மா. நீ போறப்பக் கூப்பிட்டேன். நீ திரும்பல. குறுக்க ஓடி வரலாம்னு பாத்தேன்... வரக் கூடாதுல்ல?"

ஒரு விதியைக்கூட அவள் மீறவில்லை. நான் போட்ட அத்தனை வேலிக்கும் நடுவில், மிச்சமிருந்த ஓரடி இடத்தில் போய் நின்றிருக்கிறாள்.

சத்தம் நிற்கும் வரை ஏறாதே என்று சொன்னேனே... அரியலூர்ப் பக்கம் லாரிச் சத்தம் என்றைக்கு நின்றிருக்கிறது? இந்த ஊரிலேயே இருந்துகொண்டு, இந்த ஊருக்கு ஒத்துவராத ஒரு விதியை எழுதிக் கொடுத்திருக்கிறேன். நாம் போடுகிற விதிகளில் பாதி, பிள்ளைகளைக் காப்பாற்றவா? இல்லை, நம் மனசு சும்மா இருப்பதற்கா?

வீடு வரை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே நடந்தோம். எனக்கு ஒரு காலில்தான் செருப்பு. "மரமெல்லாம் பச்சையாயிருச்சு பாத்தியாம்மா?" என்றாள். அப்போதுதான் பார்த்தேன். ஆமாம், பச்சை. அடர்ந்த பச்சை.

அவள் குளிக்கப் போன நேரத்தில் நோட்டைத் திறந்தேன். தப்புதான். அம்மாக்கள் செய்கிற தப்பு.

'இன்று பார்த்தவை. 1. வெள்ளை மரம் பச்சை ஆகிவிட்டது. 2. மக்காச்சோள மலை. 3. கோழி ஏழு. 4. எங்க அம்மா. முடி அவிழ்ந்து, ஒரு செருப்பு இல்லாமல், கல் லாரியையே முந்திப் போனாங்க. எங்க அம்மா இவ்ளோ வேகமா ஓட்டுவாங்கன்னு எனக்குத் தெரியாது.'

லாரியை முந்தினேனா? நானா? சத்தியமாக எனக்கு நினைவில்லை.

தலையைத் துவட்டிக்கொண்டு வந்தவள் நோட்டு என் கையில் இருப்பதைப் பார்த்தாள். கோபப்படவில்லை. ரொம்ப நேரமாக மனதில் இருந்த சந்தேகம் போல, ஒன்று கேட்டாள்.

"லாரி சத்தம் கேட்டா எறங்கணும்ல? நீ ஏம்மா எறங்கல?"

சாப்பிட வா என்றேன்.

வேனா, சைக்கிளா... இன்னும் முடிவெடுக்கவில்லை. வேன்காரரிடம் கேட்டும் வைத்திருக்கிறேன். கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்த நாற்பது அடியைத் தவிர. அவர் இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வார். விதிகளை உட்கார்ந்து திருத்தினோம், யாழினியும் நானுமாக. 'சத்தம் நிற்கும் வரை' என்பதை அடித்துவிட்டு, 'இரண்டு பக்கமும் லாரி கண்ணை விட்டு மறையும் வரை' என்று எழுதினோம். அம்மா, அப்பா நம்பரைப் பெண்களிடம் சொல்லலாம் என்று சேர்த்தோம். பள்ளத்து விதி அப்படியே இருக்கிறது. அதில் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

இந்த ஞாயிறும் போகிறோம். பயம் குறைந்துவிட்டதா? இல்லை. செயின் மட்டும் புதிது.

விதிகளைத் திருத்திய அன்று, கடைசியில் அவள் என்னிடமிருந்து பேனாவை வாங்கி, 'அம்மாவுக்கு' என்று தனியாகத் தலைப்பு போட்டு, ஒரே ஒரு விதி எழுதினாள்:

'வலது பக்கமும் பார்க்கணும்.'