பஸ்ஸுக்கு ஆள் இல்லையாம்!

சென்ற மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, காலை ஐந்தே முக்கால். கண்டி மலையில் மடுல்கெல்லைக்கு மேலே, என் தங்கை செல்வி குடியிருக்கும் தேயிலைத் தோட்டத்தின் மேல் டிவிஷன். அங்கே பஸ் தரிப்பிடத்தில் நின்றுகொண்டிருந்தேன். பஸ் வராது என்று தெரிந்தேதான் நின்றேன்!

பைத்தியமா என்கிறீர்களா? கேளுங்கள்.

மழையில் பாதை உடைந்ததிலிருந்து அந்த பஸ் கீழ்ச்சந்தியோடு திரும்பிவிடுகிறது. பாதையைத் திருத்திய பிறகும் மேலே ஏறவில்லை. பஸ் டிப்போவில் கேட்டால் ஒரே பதில்: "மேலே ஆள் இல்லை."

செல்வியின் கணவர் சிவாவுக்குக் காலில் ஆபரேஷன். மாதா மாதம் கண்டியில் கிளினிக். கம்பு ஊன்றி நடக்கிற மனிதர் அந்தச் சரிவில் எப்படி இறங்குவார்? ஆட்டோவும் நினைத்த நேரத்துக்குக் கிடைக்காது. இரண்டு கிளினிக் தவறி, புண் மறுபடியும் சீழ் பிடித்துவிட்டது.

"இன்னொரு தடவ விட்டா காலையே எடுக்க வேண்டி வரும்னு டொக்டர் சொல்லிட்டாரு அக்கா..." போனில் அழுதாள்.

கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டாள். கடைசியில், எத்தனை பேர் ஏறுவார்கள் என்று பார்க்க ஓர் அதிகாரி வருவதாகத் தகவல் வந்தது. கண்டி மஹய்யாவையில் இருக்கிற நான் முதல் நாளே போய்விட்டேன். ஒரு தலையாவது கூடட்டுமே!

அதிகாரி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சிங்களவர், தமிழ் ஓரளவு பேசினார். சுற்றிப் பார்த்தார். செல்வி, சிவா, நான், இன்னும் இரண்டு பேர். குறிப்புப் புத்தகத்தில் ஐந்து என்று எழுதினார்.

"கோவிக்க வேணாம் அம்மா. அஞ்சு பேருக்கு பஸ் போட ஏலாது நே."

"மத்தவங்க எல்லாம் எங்கடி?" என்று செல்வியிடம் பாய்ந்தேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. அவரைப் பார்த்துத்தான் பேசினாள்.

"நில்லுங்கன்னு எல்லார்கிட்டயும் சொன்னேன் சேர். லேட்டானா வேல போயிரும்னு பயந்து, குறுக்குப் பாதையால இறங்கிட்டாங்க. பஸ்ஸே வராத எடத்துல யாரு வந்து நிப்பாங்க? நீங்க எங்கூட எறங்கி வந்து எண்ணுங்க."

மனிதர் தன் பளபளப்பான சப்பாத்தைக் குனிந்து பார்த்தார். பிறகு, "சரி, போவோம்" என்றார்.

சிவாவை வீட்டில் விட்டுவிட்டு இறங்கினோம். தேயிலைக்கு நடுவே ஓராள் போகும் தடம், முழுக்கச் சேறு. ஓரிடத்தில் அவர் சறுக்கி, தேயிலைச் செடியைப் பிடித்துத் தப்பினார். எங்களுக்கு முன்னால் இரண்டு பள்ளிக்கூடப் பிள்ளைகள், சப்பாத்தைப் பையில் போட்டுக்கொண்டு வெறுங்காலோடு போனார்கள்.

சந்தியில் ஒரே கூட்டம். குழாயடியில் கால் கழுவ வரிசை. கண்டியில் கடை வேலைக்குப் போகிற பெண்கள், கட்டட வேலைக்குப் போகிற ஆண்கள்...

"இவங்க எல்லாம் மேல ஆள்களா?"

"நீங்களே கேளுங்க சேர்."

ஒவ்வொருவராகக் கேட்டார். நாற்பத்து மூன்று பேர். நம்பாமல் இன்னொரு தரம் எண்ணினார். அதே நாற்பத்து மூன்று. மதகில் உட்கார்ந்து கணுக்காலில் ஏறியிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தார். புத்தகத்தைத் திறந்து, அந்த ஐந்தை அடித்தார்.

"பாதை சரியான மோசம் அம்மா" என்றார். மோட்டார் சைக்கிளை எடுக்க அதே தடத்தில் மறுபடியும் மேலே ஏறினார்.

இரண்டு வாரம் ஒரு தகவலும் இல்லை. நான் நம்பிக்கையை விட்டுவிட்டேன். போன திங்கட்கிழமை பஸ் மேலே வந்துவிட்டது! வியாழக்கிழமை சிவா அதில் ஏறி கிளினிக் வந்தார். கட்டை அவிழ்த்துப் பார்த்த டொக்டர், "தப்பிச்சிட்டீங்க. மருந்துலயே ஆறிடும்" என்றார். செல்வி அங்கே கிடந்த வாங்கில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நானும்தான்.

பஸ் வராததால் ஆள் நிற்பதில்லை. ஆள் நிற்காததால் பஸ் வருவதில்லை. இந்தச் சிக்கலை அவிழ்க்க யாராவது ஒருவர் சேற்றில் இறங்க வேண்டியிருக்கிறது.

நேற்று செல்வி போன் எடுத்தாள். இப்போது ஒரே ஒரு குறைதானாம் — பஸ்ஸில் உட்கார இடமில்லை!