மண்ணுக்குப் போன கம்பி

சந்தாபுராவில் நாங்கள் குடியிருந்த காம்பவுண்டில் நான்கு குடித்தனங்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு தண்ணீர் மோட்டார். தரைக்கடியில் இருந்த சம்ப் தொட்டியின் ஓரத்தில், ஒரு தகரத் தடுப்பை ஒட்டி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து ஒரு கறுப்பு ஒயர் சுவிட்சுக்குப் போனது. இன்னொரு வெறும் செப்புக்கம்பி மோட்டாரின் உடம்பில் ஒரு திருகில் தொடங்கி, சுவரோரம் மண்ணுக்குள் போய் முடிந்தது. ஐந்தாம் வகுப்புப் படித்த எனக்கு அது எந்த வேலையும் செய்யாத கம்பியாகத் தெரிந்தது.

பள்ளியில் அறிவியல் கண்காட்சி. நான் மோட்டார் செய்வதாகப் பெயர் கொடுத்திருந்தேன். பேட்டரியின் அடியில் ஒரு காந்த வில்லை, மேலே வளைத்து வைத்த செப்புக்கம்பி, அவ்வளவுதான். கம்பி தானாகச் சுழலும். முதன்முதலில் அப்படிக் காந்தத்தைச் சுற்றிக் கம்பியைச் சுழல வைத்தவர் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர், பைண்டிங் வேலைக்கு வந்த புத்தகங்களைப் படித்தே கற்றுக்கொண்டவர் என்று டீச்சர் சொல்லியிருந்தார். கணக்கில் எப்போதும் தோற்கிற எனக்கு அது பெரிய தைரியம். காந்தமும் பேட்டரியும் டீச்சர் கொடுத்தார். கம்பியை நானே தேடிக்கொண்டேன். முந்தின நாள் சாயங்காலம், அப்பாவின் கட்டிங் பிளேயரை எடுத்துப்போய், மண்ணுக்குப் போன கம்பியில் ஒரு முழம் வெட்டிக்கொண்டேன்.

மறுநாள் என் கம்பி அழகாகச் சுற்றியது. கண்காட்சியைப் பார்வையிட வந்தவர், பக்கத்து ஐடிஐயில் எலெக்ட்ரிகல் பாடம் நடத்தும் மேடம். குனிந்து ரசித்துப் பார்த்தார்.

“நல்ல காப்பரா இருக்கே. எங்க வாங்கின?”

பெருமையாகச் சொன்னேன். அவர் முகம் மாறியது.

“அது எர்த் கம்பிம்மா. மோட்டார்ல கரண்ட் கசிஞ்சா அது வழியாத்தான் மண்ணுக்குப் போகும். அது இல்லேன்னா தொடுறவங்க உடம்பு வழியாப் போகும். இன்னைக்கு வீட்ல மோட்டார் போடுவாங்களா?”

அன்று மத்தியானம் தண்ணீர் ஏற்றுவது எங்கள் முறை. தண்ணீர் ஏறுகிறதா என்று மோட்டார் மேல் கை வைத்துப் பார்ப்பது அம்மாவின் வழக்கம். அதுவும் ஈரத்தரையில், வெறுங்காலோடு.

மேடம் தன் போனைக் கொடுத்தார், அம்மாவைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும் அடித்து ஓய்ந்தது. மோட்டார் சத்தத்தில் கேட்டிருக்காது என்று சொல்லிக்கொண்டேன். வேறொன்றும் தோன்றியது, அதை இன்றும் எழுதக் கை வரவில்லை.

டீச்சரிடம் சொல்லிவிட்டு மேடம் ஸ்கூட்டரை எடுத்தார். “பா, பேக கூத்கோ” என்று கன்னடத்தில் அவசரப்படுத்தி என்னைப் பின்னால் உட்கார வைத்தார். ஓசூர் ரோட்டில் லாரிகள் நகரவே இல்லை. அம்மாவுக்கு ஒன்றும் ஆகியிருக்கக்கூடாது என்று சாமியிடம் கேட்டேன். ஒன்றும் ஆகவில்லையென்றால் விஷயம் அவளுக்குத் தெரியவும் கூடாது என்று அதே மூச்சில் கேட்டுக்கொண்டேன்.

கேட்டைத் திறந்தபோது மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அம்மாவைக் காணவில்லை. சம்ப் ஓரத்தில் ஒரு பக்கெட் கவிழ்ந்து கிடந்தது. அப்போது தகரத் தடுப்புக்குப் பின்னாலிருந்து அம்மா வந்தாள். ஈரக் கையை மோட்டார் பக்கம் நீட்டினாள்.

“அம்மா, தொடாத!”

நான் கத்திய கத்தலில் அம்மா துள்ளிப் பின்வாங்கி, சுவரில் இடித்துக்கொண்டாள். மேடம் அவளை விலகி நிற்கச் சொல்லி, கைப்பையிலிருந்து டெஸ்டரை எடுத்து மோட்டாரில் வைத்தார். டெஸ்டருக்குள் விளக்கு சிவப்பாக எரிந்தது; கரண்ட் கசிந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்.

நான் கம்பியை வெட்டியதை அம்மாவிடம் சொன்னார். புதுக் கம்பி வாங்கிவரச் சொல்லி அவரே பொருத்தினார். மெக்கானிக் பார்க்கும்வரை மோட்டாரைப் போடக்கூடாது என்று எல்லா வீட்டிலும் சொல்லிவிட்டுப் போனார்.

அம்மா என்னை அடிக்கவில்லை. அது இன்னும் பயமாக இருந்தது. உள்ளே கூட்டிப்போய்த் தன் எதிரில் உட்கார வைத்தாள்.

“வெட்டினதுக்கப்புறம் நீ மோட்டாரத் தொட்டியா?”

“இல்லம்மா.”

“காலைல கீழ் வீட்டுக்காரங்க மோட்டார் போட்டாங்களே, அப்ப அந்தப் பக்கம் போனியா?”

“போகலம்மா.”

அப்பா ஷிஃப்ட் முடிந்து வரும்வரை அதையே மாற்றி மாற்றிக் கேட்டாள். நடுநடுவே என் உள்ளங்கைகளைப் புரட்டிப் பார்த்தாள். அப்பாவிடம் சொல்ல ஆதாரம் தேடுகிறாள் என்று நினைத்து, ஒவ்வொரு முறையும் “இல்லை” என்று இன்னும் உறுதியாகச் சொன்னேன். அவள் என் கைகளை விடாமல் இறுக்கிப் பிடித்திருந்ததை, கோபம் இன்னும் அடங்கவில்லை என்றே எடுத்துக்கொண்டேன்.